மின்னணு ஆட்ட இசைக்குழு: தருமபுரி, கிருஷ்ணகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியை இருப்பிடமாகக் கொண்டு, மின்னணு ஒலியை உருவாக்கும் சிந்தசைசரையும், பம்பை என்ற தோல் கருவியையும் ஒரே மேடையில் வைத்து வாசிக்கும் எங்கள் குழுவிடம் விழாக் குழுவினரும் கல்லூரி மாணவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. எழுதுபவன் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். தோல் கருவிகளைப் பற்றிய பகுதிகளை, அவற்றை வாசிக்கும் எங்கள் அண்ணன்மார் சொல்லச் சொல்ல எழுதினேன்.

இது டி.ஜே. நிகழ்ச்சியா, ஆர்க்கெஸ்ட்ராவா?

இரண்டும் இல்லை. டி.ஜே. என்பவர் ஏற்கெனவே பதிவாகி முடிந்த பாடல்களை ஒன்றோடொன்று தொடுத்து, ஆட்டம் நிற்காமல் பார்த்துக்கொள்கிறார். அது ஒரு தனிக் கலை. அதைக் குறைத்துப் பேசும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆர்க்கெஸ்ட்ரா, திரையில் கேட்ட பாடலை அச்சு மாறாமல் மேடைக்குக் கொண்டுவரப் பாடுபடுகிறது. எங்கள் கணினியில் முழுப் பாடல் எதுவும் இருக்காது. ஒரு கிக் (தாளத்தைத் தாங்கும் ஆழ்ந்த டிரம் அடி), நான்கு தாளச் சுற்று நீளமுள்ள ஒரு பேஸ் (தாழ்ந்த சுர வரிசை), வயலில் பதிவு செய்த ஒரு கூவல் என்று துண்டுகள் மட்டுமே இருக்கும். அவற்றில் எதை எப்போது திறப்பது, எதை மூடுவது என்பதைக் கூட்டத்தின் காலைப் பார்த்து மேடையிலேயே முடிவு செய்கிறோம். அதனால்தான் ஒரே பாட்டு பாலக்கோட்டில் சீக்கிரம் முடிந்துவிடுகிறது, ஓசூரில் நீண்டுகொண்டே போகிறது.

இந்த மின்னணு ஆட்ட இசை எங்கிருந்து வந்தது?

ஒரே ஊரைக் காட்ட முடியாது. ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் 1970இல் ரால்ஃப் ஹியூட்டரும் ஃப்ளோரியன் ஷ்னைடரும் தொடங்கிய கிராஃப்ட்வெர்க் குழு, இயந்திர ஒலிகளை மட்டுமே நம்பி ஒரு குழு நிற்க முடியும் என்று காட்டியது. சிகாகோவில் 1977இல் திறக்கப்பட்ட வேர்ஹவுஸ் என்ற ஆட்டக்கூடத்தில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் டிஸ்கோ பாடல்களை வெட்டியும் ஒட்டியும் நீட்டினார். ஹவுஸ் இசைக்கு அந்தக் கூடமே பெயரைத் தந்தது. டெட்ராய்ட்டில் யுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய மூவரும் அதை டெக்னோ என்ற வேறொரு வழியில் கொண்டுபோனார்கள். இவர்களுடைய கைக்குக் கிடைத்த கருவிகள் பல, கடையில் விலை போகாமல் கிடந்தவை. ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட டி.ஆர்-808 தாள இயந்திரம் உண்மையான டிரம்ஸ் போல ஒலிக்கவில்லை என்று பலரும் ஒதுக்கினார்கள். 1983இல் அதன் தயாரிப்பு நின்றது. அதே நிறுவனத்தின் டி.பி-303, கிட்டார் வாசிப்பவருக்குத் துணையாக பேஸ் வாசிக்க வந்த சிறு பெட்டி. அதுவும் 1984இல் நின்றுபோனது. பழைய பொருளாக மலிவு விலைக்கு வந்த அந்தப் பெட்டியின் திருகுகளைக் கண்டபடி திருப்பிப் பார்த்த சிகாகோ இளைஞர்களால் 1987இல் ஆசிட் ஹவுஸ் என்ற புது வகை ஹவுஸ் இசை பிறந்தது.

நம் நாட்டுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. பம்பாயில் இந்தித் திரை இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் 1982இலேயே இந்த இரண்டு பெட்டிகளையும் ஜூபிடர்-8 சிந்தசைசரையும் இணைத்து, பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது அது விற்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோதுதான், சிகாகோவுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே இப்படி ஒன்று நடந்திருக்கிறதா என்று உலகம் வியந்தது. இது வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது முகம் சுளித்தால் நாங்கள் இந்தத் தட்டைத்தான் போட்டுக் காட்டுவோம்.

இப்படிப்பட்ட குழுக்கள் பொதுவாக எப்படி உருவாகின்றன?

பல பாணிகளைக் கலக்கும் மின்னணுக் குழுக்களைக் கவனித்தால், "கலப்பிசை செய்வோம்" என்று தீர்மானம் போட்டுத் தொடங்கியவை குறைவு என்பது தெரியும். அங்கே யார் இருந்தார்கள் என்பதுதான் ஒலியைத் தீர்மானித்திருக்கிறது. மான்செஸ்டரில் பாடகரை இழந்த ஒரு ராக் குழுவின் எஞ்சிய உறுப்பினர்கள் 1980இல் நியூ ஆர்டர் என்ற பெயரில் மீண்டும் கூடினார்கள். கிட்டாரைக் கைவிடாமலே தாள இயந்திரத்தை உள்ளே கொண்டுவந்தார்கள். 1983இல் அவர்கள் வெளியிட்ட ஒரு தட்டு, உலகில் அதிகம் விற்ற 12 அங்குலத் தட்டுகளில் ஒன்றாயிற்று. எசெக்ஸ் மாவட்டத்தில் 1990இல் தொடங்கிய த பிராடிஜி குழுவில் இசை அமைத்தவர் லியம் ஹௌலெட் ஒருவரே; கீத் ஃப்ளிண்ட்டும் லீராய் தார்ன்ஹில்லும் ஆடுவதற்காக மட்டுமே சேர்ந்தவர்கள். ஆடுபவராக வந்த ஃப்ளிண்ட் 1996இல் ஒலிவாங்கியைப் பிடித்தபோது அந்தப் பாட்டு பிரிட்டனில் முதலிடம் பெற்றது. குழுவின் ஒலியும் பங்க் என்ற முரட்டு ராக் பக்கம் சாய்ந்தது. ஆட வந்தவரால் ஒரு குழுவின் இசையே மாறியது என்பதை, பறையாட்டம் தெரிந்த நாம் எளிதில் புரிந்துகொள்ளலாம்.

எங்களுக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு ஏசியன் டப் ஃபவுண்டேஷன். லண்டனில் ஆசியப் பிள்ளைகளுக்கு இசைத் தொழில்நுட்பம் கற்பிக்க நடந்த ஒரு பட்டறையில் 1993இல் அந்தக் குழு பிறந்தது. பேஸ் வாசித்த அனிருத்த தாஸ் அங்கே கற்பித்தவர். ஜான் பண்டிட் அவருக்குத் துணை நின்றவர். தீதார் ஜமான் அங்கே படிக்க வந்த சிறுவன். ஆசிரியரும் மாணவனும் ஒரே மேடையில் நின்றதால்தான் ஜங்கிள் என்ற வேகமான மின்னணுத் தாளமும், டப் என்ற ஜமைக்க இசையின் பேஸும், பங்க் கிட்டாரும் அங்கே ஒன்றையொன்று மிதிக்காமல் ஓடின.

உங்கள் குழு எப்படிச் சேர்ந்தது?

கோயில் திருவிழா ஒன்றில் நாங்கள் சிலர் ஆர்க்கெஸ்ட்ராவாகப் போயிருந்தோம். எங்கள் நேரம் முடிந்த பிறகு அதே பந்தலில் பாரதக் கூத்து. நாங்கள் வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது கூத்துக்காரர்கள் ஆர்மோனியத்தையும் மத்தளத்தையும் சரிபார்க்கத் தொடங்கினார்கள். எங்கள் பேட் (அடித்தால் டிரம் ஒலி தரும் மின்னணுப் பலகை) கலைஞர் இன்னும் அணைக்காமல் இருந்த பேடில் மெல்ல ஒரு கிக்கைச் சேர்த்தார். மத்தளக்காரர் நிறுத்தவில்லை. மாறாக, வேண்டுமென்றே அடியை மாற்றி மாற்றி எங்கள் ஆளைத் திணறடித்தார். சவுண்ட் சர்வீஸ்காரர் அதைச் செல்போனில் பதிவு செய்ததுதான் எங்கள் முதல் பதிவு. ஒலித்தரம் மிக மோசம். ஆனாலும் பயிற்சியில் வழி தவறும்போது அதைத்தான் கேட்கிறோம்.

பிறகு ஓசூர்த் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் லேப்டாப்பில் டிராக் செய்துவந்த ஒரு தம்பி சேர்ந்தார். பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு பம்பைக் கலைஞர் வந்தார். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த பாடகி வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுபவர். யாரும் யாரையும் தேர்வு வைத்து எடுக்கவில்லை.

எத்தனை பேர் வேண்டும்?

மேடையில் ஐவர் போதும்: கணினியை ஆள்பவர், கீபோர்டு, பேட், தோல் கருவி, குரல். ஆறாவதாக, மிக்சரின் முன்னால் நிற்கும் சவுண்ட் சர்வீஸ்காரரைக் குழு உறுப்பினராகவே கணக்கிட்டு, ஊதியத்தைச் சமமாகப் பிரிக்கச் சொல்வேன். ஒவ்வொரு ஊரிலும் புது ஆளிடம் கொடுத்தால் அவர் பழக்கத்தில் கிக்கையும் பறையையும் ஒரே அளவுக்கு ஏற்றிவிடுவார். அத்தோடு பாட்டு முடிந்தது.

ஹவுஸ் தாளம் நாலு நாலாகப் போகிறது, நம்முடைய குத்து மூன்று மூன்றாகப் போகிறது. இரண்டும் எப்படிச் சேரும்?

இதுதான் எங்களிடம் கேட்கப்படும் நல்ல கேள்வி. எங்கள் ஒலி முழுவதும் இதற்கான விடையில்தான் இருக்கிறது. ஹவுஸ் இசையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 130 வரை கிக் விழும். 120 என்று வைத்துக்கொண்டால் அரை விநாடிக்கு ஒரு கிக். இயந்திரம் அந்த அரை விநாடியை நான்காகப் பிரித்து, 125 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஹை-ஹேட் என்ற சிறு உலோகத் தட்டின் ஒலியைத் தட்டுகிறது, இது சதுஸ்ரம். நம் ஊர்த் தெருவில் அடிக்கும் அடிகளில் பெரும்பாலானவை அதே அரை விநாடியை மூன்றாகப் பிரிக்கின்றன, ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 167 மில்லி விநாடி இருக்கும், இது திஸ்ரம். கிக் விழும் இடத்தில் இரண்டும் ஒன்றாகவே நிற்கின்றன. மோதல் உள்பிரிவில்தான் நடக்கிறது: ஹை-ஹேட் ஓர் இடத்திலும் பறையின் சிண்டுக்குச்சி அதற்குக் கொஞ்சம் தள்ளியும் விழும்போது, கேட்பவருக்கு அது இரண்டு தாளமாகத் தெரியாது; யாரோ தப்பாக வாசிப்பதாகத்தான் தெரியும்.

இதற்குப் பலர் செய்யும் மருத்துவம், பறையை நாலாக அடிக்கச் சொல்வது. அப்படி அடித்த பறை ஒலி இருக்கும், ஆட்டம் இருக்காது. இணையத்தில் கிடைக்கும் பல "நாட்டுப்புற ரீமிக்ஸ்" ஒலிகள் சப்பென்று இருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. நாங்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கினோம். முதலில் ஹை-ஹேட்டை அணைத்தோம். பிறகு கைதட்டல் ஒலியை எடுத்தோம். கிக்கும் பேஸும் மட்டும் மிஞ்சின. ஹை-ஹேட் இருந்த உயர் ஒலிப்பகுதி முழுவதையும் சிண்டுக்குச்சிக்கு விட்டுக்கொடுத்தோம். நீண்டு மெலிந்த அந்தக் குச்சி தோலின் ஓரத்தில் படும்போது வரும் "சட்" என்ற ஒலி, இயந்திரத் தட்டல் செய்யும் வேலையை அதைவிட நன்றாகவே செய்கிறது. கலவை என்பது சேர்ப்பதால் வருவதைவிட எடுப்பதால்தான் வருகிறது என்பதை நாங்கள் கண்டுகொண்டது இங்கேதான்.

இரண்டாவது வழி ஒன்று உண்டு. உள்பிரிவை இருவருக்கும் ஒன்றாக வைத்துக்கொண்டு, பறை மூன்றுக்கு ஒருமுறையும் கிக் நான்குக்கு ஒருமுறையும் அழுத்தம் கொடுக்க வேண்டும். பன்னிரண்டாவது துடிப்பு முடிந்ததும் இருவரும் ஒரே இடத்தில் சந்திப்பார்கள். பறைக்கு நான்கு சுற்று, கிக்குக்கு மூன்று சுற்று. இதை வாசிக்கும்போது கூட்டம் இரண்டாகப் பிரிவதைக் கண்ணால் பார்க்கலாம். ஊர்ப் பெரியவர்கள் பறையின் அழுத்தத்துக்குக் கால் வைப்பார்கள். பெங்களூரில் படிக்கும் பிள்ளைகள் கிக்குக்குக் குதிப்பார்கள். சந்திக்கும் துடிப்பில் எல்லோருடைய காலும் ஒன்றாகத் தரையில் இறங்கும். இந்த வழியை நாங்கள் அளவாகத்தான் பயன்படுத்துகிறோம். நீண்ட நேரம் ஓட்டினால் அது கணக்குக் காட்டும் வித்தையாகிவிடுகிறது.

சுருதி எப்படிச் சேர்கிறது?

ஆர்மோனியக்காரர் எந்தக் கட்டையில் (சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) உட்கார்ந்திருக்கிறாரோ, அங்கே சிந்தசைசர் போக வேண்டும். கூத்துப் பாட்டு உரக்கப் பாடிப் பழகியது. நாலரை, ஐந்து கட்டையில் குரல் எடுப்பவரைக் கீபோர்டுக்காரரின் வசதிக்காக இரண்டு கட்டைக்கு இறக்கினால் பாட்டின் உயிர் போய்விடும். சுவையான ஒரு பொருத்தம் சொல்கிறேன். டி.ஆர்-808இன் கிக், தாளம் என்ற போர்வையில் வரும் ஒரு தாழ்ந்த சுரம். ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸ் அளவில் அது ஒலிக்கும். ஐந்து கட்டை சட்ஜத்தை அடியாழத்துக்கு இறக்கினால் 49 ஹெர்ட்ஸ். ஆக, ஐந்து கட்டையில் பாடுபவருக்கு அந்தக் கிக் கிட்டத்தட்டத் தம்பூராவாகவே அமைந்துவிடுகிறது. நாலரைக் கட்டை என்றால் கிக்கை 46 ஹெர்ட்ஸ் வரை இறக்கி வைப்போம். இதைச் செய்யாமல் கிக்கை அதன் போக்கில் விட்டால், பாடுபவர் ஏன் என்று தெரியாமலே சுருதி விலகுவார்.

கூத்தில் ஊதும் முகவீணை தனிச் சிக்கல். வாசிக்க வாசிக்க அதன் சீவாளி (வாயில் வைத்து ஊதும் பகுதி) நனைந்து சுருதி நகரும். அது வாசிக்கும் நேரத்தில் கீபோர்டில் நீண்ட சுரம் எதையும் பிடிக்காமல், வெட்டி வெட்டி வாசிப்பதே நல்லது.

பனியில் பறையும் பம்பையும் தொய்ந்துவிடுமே, என்ன செய்கிறீர்கள்?

தொய்யத்தான் செய்யும். மார்கழி, தை மாதங்களில் தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் இரவு நிகழ்ச்சி என்றால், மேடைக்குப் பின்னால் வைக்கோல் கொளுத்திக் காய்ச்ச ஓர் இடம் வேண்டும் என்று விழாக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டுவிடுகிறோம். காய்ச்சிய பறை மேடைக்கு வந்ததும் "டங்" என்று கணீரென நிற்கும். சில பாட்டுகள் கழிந்தால் இறங்கத் தொடங்கும். எனவே நிகழ்ச்சியின் நடுவே தோல் கருவி இல்லாத, சிந்தசைசர் மட்டும் நீளமாக விரியும் ஒரு பகுதியை வைத்திருக்கிறோம். பார்ப்பவர்கள் அதைக் கலை நயம் என்று பாராட்டுகிறார்கள். அண்ணன்மார் அந்த நேரத்தில் பின்னால் பறை காய்ச்சிக்கொண்டிருப்பார்கள்.

இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமான் பொதுவிடத்தில் தொங்கும் தண்ணுமையில் காற்று மோதி எழுந்த ஒலியைக் கேட்டுப் போர் வந்துவிட்டது என்று மகிழ்ந்து எழுவான் என ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று உண்டு. காற்றே ஒலி எழுப்பும் அளவுக்கு அந்தத் தோல் இறுக்கமாக இருந்திருக்கிறது என்று எங்கள் பம்பைக்காரர் அதற்கு ஓர் உரை சொல்வார். புலவர்கள் ஒப்புவார்களோ என்னவோ, கலைஞன் அப்படித்தான் படிக்கிறான்.

ஃபைபர் தோல் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. மழைக்கால நிகழ்ச்சிகளுக்கு ஒன்று கையில் வைத்திருக்கிறோம். ஆனால் அதன் ஒலி எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கிறது. அதற்குப் பேடே போதும்.

கணினியின் வேகத்துக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் கட்டுப்படுவார்களா?

கட்டுப்பட வேண்டும் என்று நாங்கள் கேட்பதில்லை. காதில் இயர்போன் மாட்டி, வேகத்தைக் காட்டும் க்ளிக் ஒலி கேட்டு வாசிப்பது ஒலிப்பதிவுக் கூடத்துப் பழக்கம். ஆடிக்கொண்டே வாசிப்பவருக்கு அது ஒத்துவராது. கூத்தில் போர்க் காட்சி வந்தால் வேகம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அது போரே அல்ல. ஆகையால் எங்கள் குழுவில் பேட் கலைஞர்தான் பாலம். அவர் தோல் கருவியைக் கேட்டுப் பேடில் ஒரு பொத்தானைத் தட்டத் தட்ட, கணினியின் வேகம் அதற்கு ஏற்றபடி மாறுகிறது. கருவிகள் ஒன்றோடொன்று இப்படிப் பேசிக்கொள்ள 1983இல் வந்த மிடி என்ற பொதுமுறைதான் வழி. வெவ்வேறு நிறுவனங்களின் பெட்டிகள் ஒரே வயரில் இணைவது அதன் பிறகே எளிதாயிற்று.

இன்னொரு தாமதத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒலி ஒரு மீட்டரைக் கடக்கச் சுமார் 3 மில்லி விநாடி ஆகும். பறையாட்டக்காரர்கள் வட்டமாக ஆடிக்கொண்டே ஸ்பீக்கர் பாக்ஸிலிருந்து பத்து மீட்டர் தள்ளிப் போனால், கிக் அவர்கள் காதுக்கு ஏறத்தாழ 30 மில்லி விநாடி தாமதமாகத்தான் போய்ச் சேரும். அவர்கள் அதைக் கேட்டு அடித்தது திரும்பி வருவதற்குள் தாமதம் இரட்டிப்பாகிவிடும். லேப்டாப் ஒலியை வெளியிடும் முன் சேர்த்து வைக்கும் பஃபரின் அளவை 512 ஒலி மாதிரிகளிலிருந்து 128க்குக் குறைத்தால், 48 கிலோ ஹெர்ட்ஸ் பதிவில் மிச்சமாவது சுமார் 8 மில்லி விநாடிதான். இணையத்தில் பஃபரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிப்பவர்கள், ஆட்டக்காரர்களின் அருகே, வாசிப்பவர்கள் கேட்பதற்கான மானிட்டர் பாக்ஸ் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தால் அதைவிட அதிகம் மிச்சப்படுத்தலாம்.

சாமிக்கு அடிக்கும் பம்பையை ஆட்டத்துக்கு அடிக்கலாமா?

பம்பைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது; அவர் சொன்னதை எழுதுகிறேன். சாமியை அழைக்கும் அடிகள் சில உண்டு. அவற்றை மேடையில் அடிப்பதில்லை, பதிவு செய்யவும் விடுவதில்லை. மற்ற அடிகள் ஊர்வலத்துக்கும் விளையாட்டுக்கும் உரியவை; அவற்றில் தடை இல்லை. காவேரிப்பட்டணத்தில் மயானக் கொள்ளை என்ற அம்மன் திருவிழாவில் பம்பைக்கு மக்கள் ஆடுவதைப் பார்த்தவர்கள், பக்தியையும் ஆட்டத்தையும் யார் எங்கே பிரித்தார்கள் என்று கேட்பார்கள்.

பறையைப் பற்றி வேறொன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கருவியை அடித்தவர்களைச் சாதியின் பெயரால் தாழ்த்தி, சாவு வீட்டு வாசலில் நிறுத்திய சமூகம் நம்முடையது. இன்று அதன் ஒலியைச் சாம்பிளாக (பதிவுத் துண்டாக) வாங்கிப் பாட்டில் போட்டுக்கொண்டு, அடித்தவரை மேடையின் ஓரத்தில் நிறுத்துவது பழைய பழக்கத்தின் புதிய வடிவமே. எங்கள் விதி மூன்று சொற்களில் அடங்கும்: சம ஊதியம், சம நாற்காலி, நோட்டீஸில் சம எழுத்து. இதற்கு ஒப்பாத ஊரில் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம்.

எந்த மொழியில் பாடுகிறீர்கள்?

பெரும்பாலும் தமிழில். ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி பக்கம் போனால் ஒரே சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும். அங்கே ஒரு பாட்டில் மூன்று மொழியும் கலந்து வருவது செயற்கையாகத் தோன்றாது. மாங்காய் மண்டியில் ஏலம் கேட்பவரும் அப்படித்தான் பேசுகிறார். ஆட்ட இசையில் சொற்கள் குறைவு என்பதால், ஒவ்வொரு சொல்லும் தாளத்துக்கு எப்படி விழுகிறது என்பதே முதலில் பார்க்கப்படும். "ஏலேலோ" போன்ற உழைப்புக் கூவல்களில் பொருள் குறைவு. ஆனால் இழுவைக்கு நிறைய இடம் உண்டு. நடவுப் பெண்களிடம் பதிவு செய்த கூவலைப் பயன்படுத்தும்போது அவர்களின் இசைவைக் கேட்டு, பணமும் கொடுத்துத்தான் பயன்படுத்துகிறோம்.

மேடைக்கு மின்சாரம், ஒலிக் கருவிகள் என்ன வேண்டும்?

விழாக் குழுவினர் தவறாமல் படிக்க வேண்டிய பகுதி இது. சீரியல் விளக்கு எரியும் ஜெனரேட்டரிலேயே எங்கள் கருவிகளையும் மாட்டாதீர்கள். விளக்குகள் ஒன்றாக எரியும்போது வோல்டேஜ் இறங்கினால், லேப்டாப் தன் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். கணினியின் ஒலியை வெளியே அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ் அணைந்து போகும். கூட்டத்துக்குக் கேட்பது அமைதி மட்டுமே. சிறிய யு.பி.எஸ். ஒன்றை நாங்களே கொண்டுவருகிறோம். எர்த் சரியாக இல்லாவிட்டால் பாக்ஸில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் நிற்கும். மேடைக்குப் பக்கத்தில் கம்பி இறக்க ஈரமான மண் இருந்தால் நல்லது.

பேஸ் பாக்ஸ்களை மேடையின் இருபுறமும் பிரித்து வைக்காமல் நடுவில் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய ஏழு மீட்டர். இரண்டு பக்கமும் பிரித்து வைத்தால் சில இடங்களில் இரண்டும் சேர்ந்து நெஞ்சை அதிரவைக்கும். கொஞ்சம் தள்ளி நிற்பவருக்கு ஒன்றையொன்று அழித்துக்கொண்டு கிக்கே கேட்காது. எங்கள் இசையில் கிக் கேட்காதவருக்கு மற்ற எதுவும் புரியாது.

இரவு பத்து மணிக்கு மேல் நடத்த முடியுமா?

முடியாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் இருந்தாலும், அதை நம்பி நோட்டீஸ் அடிக்க வேண்டாம். ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதே முக்காலுக்குள் முடித்துவிடலாம். பேஸ் ஒலி சுவரைத் தாண்டி வெகு தூரம் போகும் என்பதால், மருத்துவமனையும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் இருக்கும் பக்கம் பாக்ஸைத் திருப்ப மாட்டோம்.

திரைப்பாடல் வாசிப்பீர்களா? உரிமம் வேண்டுமா?

வாசிப்பதில்லை. நல்ல ஆர்க்கெஸ்ட்ராக்கள் இந்த மாவட்டங்களில் நிறையவே இருக்கின்றன. பொதுத் தகவலாகச் சொன்னால், சமயச் சடங்கிலும் திருமணம் சார்ந்த கொண்டாட்டத்திலும் வாசிப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. கட்டணம் வாங்கி நடத்தும் நிகழ்ச்சிக்கு அந்த விலக்கு பொருந்தாது, உரிமம் வாங்க வேண்டும்.

இதை நம்பிப் பிழைக்க முடியுமா?

இப்போதைக்கு முடியாது. எங்களில் ஒருவருக்கும் இது முழுநேரத் தொழில் அல்ல. பங்குனி முதல் ஆடி வரை திருவிழாக் காலம். அதன் பிறகு கல்லூரி விழாக்கள் சில. ஓசூர், பெங்களூர் அருகில் இருப்பதால் வாரக் கடைசி நிகழ்ச்சிகள் கிடைக்கின்றன. அங்கே ஊதியம் அதிகம், ஆனால் ஆடுபவர்களின் கால் நம் ஊர்க் கால் இல்லை. பிள்ளை படிப்பை விட்டுவிட்டு இதில் இறங்குகிறேன் என்று சொன்னால், படிப்பை முடித்துவிட்டு வா என்றுதான் நாங்களும் சொல்லி அனுப்புகிறோம்.

நாங்களும் ஒரு குழு தொடங்க நினைக்கிறோம். முதலில் எதை வாங்குவது?

எதையும் வாங்க வேண்டாம். உங்களில் ஒருவரிடம் ஒரு பழைய லேப்டாப் இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளே ஓராண்டுக்குப் போதும். உங்கள் ஊரில் தோல் கருவி வாசிக்கும் ஒருவரைப் போய்ப் பாருங்கள். வெற்றிலை பாக்கோடு போங்கள். அவர் அடிப்பதைப் பதிவு செய்துகொண்டு வந்து, அதன் கீழே ஒரு கிக்கை மட்டும் வைத்துப் பாருங்கள். கிக்கை அவருடைய அடிக்கு இழுங்கள். அவரைக் கிக்குக்கு இழுக்காதீர்கள். அது ஓடத் தொடங்கியதும் பேஸைச் சேருங்கள். மூன்றாவது ஒலியைச் சேர்ப்பதற்கு முன் அவரையே அழைத்துக் கேட்கச் செய்யுங்கள்; அவர் உதட்டைப் பிதுக்கினால் கடைசியாகச் சேர்த்ததை எடுத்துவிடுங்கள். பணம் சேர்ந்த பிறகு முதலில் வாங்க வேண்டியது நல்ல மானிட்டர் பாக்ஸ் ஒன்று; சிந்தசைசரும் விளக்கும் மற்றவையும் அதற்குப் பின்னால் வரட்டும்.